எழுதிக் கொடுத்த கதை யார் கையில்?

கேள்வி: பொதிகை மலையில் நடக்கும் என் மாயாஜால நாவலின் திரைப்பட உரிமையை நாலு வருடத்துக்கு முன் ஒரு பட நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். படம் தொடங்கவே இல்லை. இப்போது வெப் சீரிஸ் எடுக்க வேறொருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் பழைய ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். வாங்கியது ஆப்ஷன் பணம் (ஒரு கெடுவுக்குள் உரிமையை வாங்கிக்கொள்ளலாம் என்று பிடித்துவைக்கத் தரும் தொகை) மட்டும் என்றால், கெடு முடிந்ததுமே உரிமை உங்களுடையது. முழு உரிமையையே எழுதிக் கொடுத்திருந்தால், 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4) பிரிவு கைகொடுக்கும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். '19(4) பொருந்தாது' என்று நிறுவனங்கள் ஒரு வரி சேர்த்துவிடுவது வழக்கம். பலர் ஏமாறுவது அங்கேதான். அந்த வரி இருந்து, காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் 5 வருடம் என்று கொள்ள வேண்டும். அப்படியானால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

எந்த உரிமை என்பதும் முக்கியம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பட உரிமை 1969இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பட நிறுவனத்துக்கும், 1976இல் தயாரிப்பாளர் சால் செயின்ட்ஸுக்கும் போனது. தொடர் எடுக்கும் உரிமையோ டோல்கீன் குடும்பத்தாரிடமே இருந்தது. அதை 2017இல் அமேசான் தனியாக வாங்கியது. உங்கள் பத்திரத்தில் 'எல்லாக் காட்சி ஊடகங்களும்' என்றிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். வெறும் 'திரைப்படம்' என்றிருந்தாலும் தொடரும் அதில் அடக்கம் என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது.

ஆகவே பழைய நிறுவனத்துக்கு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, உரிமை விடுவிப்புப் பத்திரம் கையெழுத்தாகி வரும்வரை புதியவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். 'இந்தக் கதையில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை' என்று புது ஒப்பந்தத்தில் உறுதி கேட்பார்கள். அது பொய்யானால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும்.

கேள்வி: வில்லுப்பாட்டில் பாடும் சுடலைமாடன் கதையை வைத்து நாவல் எழுதினேன். என்னைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சுடலைமாடன் கதை ஊர்ப் பொது, யாரும் எடுக்கலாம். கருவுக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களாகப் படைத்த பாத்திரங்கள், சம்பவங்களின் கோர்வை, உரையாடல் ஆகியவற்றை எடுத்திருந்தால் மட்டும் வழக்குப் போடலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.