தோட்டத்துக்குப் பறவைகள் வர, நம் ஊர்ப் பழச்செடிகளில் எதை வைக்கலாம்?

முள்செடியாகப் பார்த்து வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

தாராபுரம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம். நானும் முதலில் கொய்யா, சப்போட்டா என்றுதான் ஆரம்பித்தேன். கிளியும் அணிலும் வரும், தின்னும், போய்விடும். எதுவும் தங்கவில்லை. அப்புறம் கம்பிவேலியை ஒட்டி நான்கு களாச் செடி வைத்தேன். மூன்றாம் வருடம் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்தது. பச்சைக் காயில் பாதியை ஊறுகாய்க்குப் பறித்துக்கொண்டோம். மீதி சிவந்து கறுத்ததும் கொண்டைக்குருவிகள் வந்தன. அடுத்த வருடம் அந்தப் புதருக்குள்ளேயே கூடு! தெருப்பூனை இரண்டு நாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. களா முள் அப்படி.

களா நாற்று நர்சரியில் கிடைக்கும். காரை, சங்கஞ்செடி மாதிரி முள்புதர்களை அங்கே கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கொறங்காட்டு வேலியில், அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலங்களின் வேலியில், தேடுங்கள். பழத்தைப் பிசைந்து விதை எடுத்து உடனே போட்டுவிட வேண்டும். களா விதையைக் காயவைத்து எடுத்து வைத்தால் சீக்கிரமே முளைக்காமல் போய்விடும்.

சங்கஞ்செடியில் நான் ஏமாந்த கதை தனி. கணுவுக்குக் கணு முள், வெள்ளைப் பழம், எந்த வறட்சியையும் தாங்கும். ஒன்றே ஒன்று வைத்துவிட்டு மூன்று வருடம் பழத்துக்குக் காத்திருந்தேன். அதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி; என்னுடையது ஆண். நான்கைந்தாக வையுங்கள்.

சூரைப் பழமும் குருவிகளுக்குப் பிடிக்கும். ஆனால் கொக்கி முள், ஏறிப் படரும். நடைபாதைப் பக்கம் வைத்தால் வேட்டி மிஞ்சாது.

உன்னிச்செடி மட்டும் வேண்டாம். அதன் கறுப்புப் பழத்தையும் பறவைகள் விரும்பித் தின்னும், சிக்கலே அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று முதுமலைக் காட்டையே அடைத்து நிற்கிறது. நீங்கள் வைக்காவிட்டாலும் எச்சத்தில் வந்து வேலியடியில் முளைக்கும். சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

மருந்து அடிக்காதீர்கள். பழம் தின்னும் கொண்டைக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் கொண்டுபோய் ஊட்டும்.

பாம்பு வராதா என்று அடுத்த கேள்வி வரும். எங்களுக்கு ஒரே ஒருமுறை சாரை வந்தது, எலித் தொல்லை குறைந்தது. பயமாக இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள்.