அடித்து வாங்கிய வாக்குமூலம்: முடிந்த விசாரணையைத் திறக்கலாமா?

கேள்வி: ஐயா, என் தங்கை மகன் மேல் டர்பனில் கொள்ளை வழக்கு நடக்கிறது. போலீஸ் அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தது என்று அவன் சொன்னதால் தனி விசாரணை வைத்தார்கள். இரவு முழுக்க அவன் லாக்கப்பில்தான் இருந்தான் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள், மாஜிஸ்திரேட்டும் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார். இப்போது மூல வழக்கில் இன்னொரு போலீஸ்காரர், அன்றிரவு அவனை வெளியே கூட்டிப்போனதாக உளறிவிட்டார். முடிந்ததை மறுபடி திறக்க முடியுமா?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முடியும் அம்மா, ஆனால் சீக்கிரம். இங்கே தென்னாப்பிரிக்காவில், வாக்குமூலம் செல்லுமா என்று மட்டும் பார்க்கும் அந்தத் தனி விசாரணைக்கு 'விசாரணைக்குள் விசாரணை' என்று பெயர். அதில் வரும் உத்தரவு இடைக்கால உத்தரவுதான், கல்லில் வெட்டியது இல்லை. பின்னால் வரும் சாட்சியம் சந்தேகத்தைக் கிளப்பினால் அதே நீதிமன்றம் தன் உத்தரவை மறுபடி பார்க்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது. அதனால் மேல்கோர்ட்டுக்கு ஓட வேண்டாம், வழக்கு நடுவில் அங்கே போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய சாட்சியத்தையே திரும்ப ஒப்பித்தால் எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்க மாட்டார், புதிதாக ஒன்று வேண்டும். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது! அந்தப் போலீஸ்காரர் சொன்ன வரியை நீதிமன்றப் பதிவிலிருந்து அப்படியே எடுத்து, லாக்கப் பதிவேட்டோடும் ஸ்டேஷனின் சம்பவப் புத்தகத்தோடும் உங்கள் வக்கீல் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எத்தனை மணிக்கு வெளியே போனான், யார் கையெழுத்து, எப்போது திரும்பினான், அப்புறம் வாக்குமூலம் எழுதிய நேரம் எது? காயத்துக்கு டாக்டர் எழுதிய ஜே 88 படிவம் இருந்தால் அதையும் சேர்க்கட்டும். முன்னே சாட்சி சொன்னவர்களைத் திரும்பக் கூப்பிடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167, 186 பிரிவுகளில் வழி இருக்கிறது.

இன்னொன்று, அடித்தார்கள் என்று பையன் நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் மனசாரத்தான் சொன்னான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுவது அரசுத் தரப்பின் வேலை. முன்பு மாஜிஸ்திரேட் எழுதி வாங்கிய வாக்குமூலம் என்றால் அந்தப் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் கட்டும் விதி இருந்தது. அரசியல் சட்ட நீதிமன்றம் 1995-இல் கொடுத்த முதல் தீர்ப்பே அதைத் தூக்கிப்போட்டதுதான், அதுவும் நம்ம நேட்டாலிலிருந்து போன வழக்கு. (வழக்கின் பெயர் ஸுமா. முன்னாள் ஜனாதிபதி இல்லை, வேறு ஆள்.)

வாக்குமூலம் போய்விட்டால் பையன் உடனே வெளியே வந்துவிடுவான் என்று மட்டும் நினைக்காதீர்கள். வேறு சாட்சிகள் இருந்தால் வழக்கு நடக்கும். வாக்குமூலத்தைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை என்றால், அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் அதே சட்டத்தின் 174-ஆம் பிரிவில் விடுதலை கேட்கலாம்.

கேள்வி: தண்டனையே கொடுத்தாகிவிட்டது, அப்புறம்தான் அடித்ததைப் பார்த்த சாட்சி கிடைத்தார். என்ன செய்வது?
வாசகர், பீனிக்ஸ்

பதில்: கஷ்டம்தான், ஆனால் கதவு முழுசாக மூடவில்லை. தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த மாஜிஸ்திரேட் தன் உத்தரவைத் தொட முடியாது, மேல்முறையீட்டில்தான் கேட்க வேண்டும். அங்கே, இந்தச் சாட்சியை ஏன் முன்னமே கொண்டுவரவில்லை, அவர் சொல்வது நம்பும்படி இருக்கிறதா, அதனால் முடிவு மாறுமா என்று குடைவார்கள். முதல் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாமல் விழுந்துபோகும் மனுக்கள் உண்டு. அதனால் அவரை எப்போது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைத் தேதியோடு சத்தியப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் அலுவலகத்தில் கேளுங்கள்.