உதட்டுக் கொப்புளம்: மாத்திரையை எப்போது போடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது. காய்ச்சல் வந்தாலோ வெயிலில் அலைந்தாலோ உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது. வருடத்துக்கு மூன்று, நான்கு முறையாவது வந்துவிடும். ஏசைக்ளோவிர் கிரீம் தடவியும் ஆறப் பத்து நாளாகிறது. மாத்திரைக்குக் கேட்குமா? தங்கை பிரசவமாகி வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தையைத் தூக்கலாமா?

பதில்: கேட்கும், நேரத்தோடு போட்டால். கொப்புளம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ தெரியும். அடிக்கடி வருகிறவர்களுக்கு அது நன்றாகவே பிடிபடும். இந்தக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் வேகமாகப் பெருகுவது அப்போதுதான். ஏசைக்ளோவிர் வகை மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே தவிர, வந்துவிட்ட புண்ணை ஆற்றாது. கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டிய பிறகு எதைத் தடவினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்கள் கிரீம் கைவிட்டதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதல் நாளே தொடங்கி, தினம் ஐந்து முறை தடவினாலும் கிரீமால் மிச்சமாவது அரை நாள், ஒரு நாள்தான்.

மாத்திரையில் எளிதானது வாலாசைக்ளோவிர். குறுகுறுப்பு தெரிந்ததும் 2,000 மி.கி., பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2,000 மி.கி. அவ்வளவுதான், ஒரே நாள் சிகிச்சை. இதிலும் சராசரியாக ஒரு நாள் போலத்தான் குறையும், மாயமந்திரம் எதிர்பார்க்காதீர்கள். கொப்புளம் வந்தபின் மருத்துவரைத் தேடி ஓடாமல், இப்போதே சீட்டு எழுதி வாங்கி மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு ஆகாது, குறைக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை போடும் நாளில் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கியே இருக்கும். அதை அடியோடு ஒழிக்க எந்த மருந்தும் இல்லை. வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால் தினசரி மாத்திரையை யோசிக்கலாம், உங்களுக்கு இப்போது தேவைப்படாது. வெயிலில் போகும்போது வெயில் தடுப்பு (எஸ்பிஎஃப்) உள்ள லிப் பாம் போடுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமை எடுத்துத் தடவாதீர்கள். 'அக்கி' என்று காவி பூசுவதும் வேண்டாம், வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. வாய்க்குள் வரும் வெள்ளைப் புண்ணும் கடைவாய் வெடிப்பும் வேறு சங்கதி, இந்த மாத்திரை அவற்றுக்கு உதவாது.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கறார். பச்சிளங்குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் மூளை, கல்லீரல் வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொருக்கு முழுதும் உதிரும்வரை முத்தம் கூடவே கூடாது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் கையை சோப்பு போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து தூக்குங்கள். துண்டு, டம்ளர் தனியாக இருக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், உங்களுக்குக் கொப்புளம் இருந்ததையும் அங்கே சொல்லுங்கள். உங்களுக்கே கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசினால், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.