சாதாரண வைரஸ் ஒன்று மல்டிபிள் ஸ்கிலிரோசிஸைத் தூண்டுமா?

தூண்டும் என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது. இந்த நோயில், நரம்பு இழைகளை மூடியிருக்கும் மயலின் உறையை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அரித்துவிடுகிறது.

2022இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், 1 கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் படைவீரர்களின் 20 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எப்ஸ்டீன்-பார் என்ற அந்தச் சாதாரண வைரஸ் தொற்றிய பிறகு நோய் அபாயம் 32 மடங்கு கூடியிருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: நரம்புச் சேதத்தைக் காட்டும் புரதம் ரத்தத்தில் உயர்ந்ததும் தொற்றுக்குப் பிறகுதான்.

சரி, எப்படி? வைரஸின் ஒரு புரதத் துண்டு, மூளையிலுள்ள கிளியல்கேம் புரதத்தை ஒத்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு குழு அதே ஆண்டு இதைக் காட்டியது. வைரஸைத் தாக்க உருவான எதிர்ப்பொருள், ஆள் மாறி மூளையையும் தாக்கிவிடுகிறது.

பயப்பட வேண்டாம். பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோரிடம் இந்த வைரஸ் உண்டு. மிகச் சிலருக்கே நோய் வருகிறது.