ஹாப்ஸ் யார் பக்கம்? – கேள்வி பதில்

கேள்வி: மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் மன்னர் கட்சிதானே? பிறகு 1651இல் அவருடைய அரசியல் நூல் ‘லெவியாதன்’ வந்ததும் மன்னரின் ஆட்களே ஏன் அவரை ஒதுக்கினார்கள்?

பதில்: மன்னர் கட்சிதான். 1640இலேயே பாரிசுக்குப் போய்விட்டார். 1646இல் மன்னரின் மகன் இளவரசர் சார்லசுக்கு அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருடைய விசுவாசம் ஆள்பவருக்கு, பிஷப்புகளுக்கு அல்ல. பிஷப்பின் அதிகாரம் கடவுளிடமிருந்து நேராக வருவதில்லை, அரசன் கொடுப்பது என்று எழுதினால் அரசவையில் இருந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருமார் சும்மா இருப்பார்களா? போதாததற்கு, காப்பாற்றுபவருக்கே கீழ்ப்படிதல் உரியது என்று நூலின் முடிவுரையில் வாதிட்டிருந்தார். 1649இல் மன்னர் தலை வெட்டப்பட்டிருந்தது. மன்னரை அகற்றி வந்த குடியரசுக்கு அடங்கிப்போகச் சொல்கிறார் என்றே அதைப் படித்தார்கள். போப்பைத் தாக்கியதால் பிரெஞ்சுக் குருமாரின் பகை வேறு. லண்டன் திரும்பி, புதிய ஆட்சிக்குப் பணிந்தார்.

கேள்வி: அவர் நாத்திகரா?

பதில்: அன்று அது வசைச்சொல், வாய்க்கு வந்தபடி வீசுவார்கள். 1647இல் சாகக் கிடந்தபோது கத்தோலிக்கராக மறுத்து, ஆங்கிலிக்கன் முறைப்படி குரு ஜான் கோசினிடம் திருவிருந்து பெற்றவர் ஹாப்ஸ். கடவுளை அவர் மறுக்கவில்லை; கடவுளும் பருப்பொருளே என்றார். ஆன்மா இயல்பிலேயே அழியாதது என்பதை மட்டும் ஏற்கவில்லை. நரக பயத்தைக் காட்டிக் குருமார் மக்களை அரசனுக்கு எதிராகத் திருப்பக்கூடாது என்பது இதற்குள் இருக்கும் அரசியல்.

கேள்வி: கிறிஸ்துவை மறுக்கும்படி அரசனே கட்டளையிட்டால்?

பதில்: ‘லெவியாதன்’ 42ஆம் அத்தியாயத்தில் பைபிளில் வரும் சிரியப் படைத்தலைவன் நாகமானைக் காட்டுகிறார். எஜமானோடு ரிம்மோன் என்ற வேற்றுத் தெய்வத்தின் கோவிலில் பணிந்தும் உள்ளத்தில் மெய்த்தேவனை வைத்திருந்தவன். உதடு சொல்வது அரசன் கணக்கில் சேரும். நம்பிக்கை எவர் கட்டளைக்கும் அடங்காது.

கேள்வி: எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

பதில்: முதல் 31 அத்தியாயங்களோடு மூடிவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மதம் பேசும் 32 முதல் 47 வரை ஏறக்குறையப் பாதி நூல்! முதலில் 43 (இரட்சிப்புக்கு வேண்டியவை கிறிஸ்துவில் விசுவாசமும் சட்டத்துக்குக் கீழ்ப்படிதலும்), பிறகு 42, கடைசியில் 47. இந்த 47ஐ 1651ஆம் ஆண்டின் ஆங்கில மூலத்திலேயே படியுங்கள். போப், பிஷப், பிரெஸ்பிட்டேரியன் (பிஷப் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் சபையினர்) என்று மக்களின் மதச் சுதந்திரத்தைக் கட்டியிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, அவரவர் விரும்பிய போதகரைப் பின்பற்றும் ஆதி கிறிஸ்தவர் நிலைக்கு வந்துவிட்டோம், ஒருவேளை இதுவே சிறந்தது என்கிறார். முடியாட்சி திரும்பியபின் வந்த 1668 லத்தீன் பதிப்பில் அந்தப் பகுதி காணாமல் போயிருக்கும்.