பத்தின் அடுக்கு 500ஐ யாரு எண்ணினது?

வணக்கம் ஐயா,

ஸ்ட்ரிங் தியரி பத்தி நீங்க எழுதினதை பட்டர்வொர்த்ல இருந்து படிச்சேன். நான் தமிழ்ப்பள்ளியில கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். என் மகன் கோலாலம்பூர்ல மாஸ்டர்ஸ் பண்றான், தலைப்பு என்னன்னு கேட்டா மூணு பரிமாணத்துல ஃப்ளக்ஸ் வேக்குவாக்களை வகைப்படுத்துறதுன்னு சொல்றான். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் இது எதுக்கு உதவும்னு கேட்டாங்க, அவனுக்குப் பதில் சொல்ல வரலை, எனக்கும் வரலை. ரெண்டு சந்தேகம். பத்தின் அடுக்கு 500 பிரபஞ்சம் இருக்குன்னு யூடியூப்ல சொல்றாங்களே, அதை யாரு எண்ணினது? அடுத்தது, காலத்தையும் சேர்த்தா நம்ம உலகம் நாலு பரிமாணம். அப்புறம் எதுக்கு மூணு பரிமாண உலகம்? இல்லாத ஊருக்குப் போகாத வழி கேக்குற மாதிரி இல்லையா?

அன்புடன்,
பட்டர்வொர்த் வாசகர்

வணக்கம் ஐயா,

யாரும் எண்ணலை. அது கணக்கெடுப்பு இல்லை, உத்தேசம். சூப்பர்ஸ்ட்ரிங் தியரிக்கு பத்து பரிமாணம் வேணும், நமக்குத் தெரியறது நாலு, மிச்ச ஆறும் ரொம்பச் சின்னதா சுருண்டு கலாபி-யாவ்னு சொல்ற வடிவத்துல இருக்குன்னு எடுத்துக்கறாங்க. அந்த வடிவத்துக்குள்ள நூத்துக்கணக்குல சுழற்சிகள் இருக்கலாம், ஒவ்வொரு சுழற்சி வழியாவும் காந்தப்புலம் மாதிரி ஒரு புலம் ஊடுருவிப் போகலாம், அதுதான் ஃப்ளக்ஸ், அதோட அளவு முழு எண்ணா மட்டும்தான் இருக்கும், ஒண்ணரை ரெண்டேகால் எல்லாம் கிடையாது. இந்த ஃப்ளக்ஸ் உள்ள இருக்குறதாலதான் உள்பரிமாணங்களோட அளவும் வடிவமும் ஆடாம ஒரு இடத்துல நிலைச்சு நிக்குது, அப்படி நிலைச்சு நிக்கிற ஒவ்வொரு நிலைமையும் ஒரு வேக்குவம். இப்ப 500 சுழற்சி, ஒவ்வொண்ணுலயும் பத்து விதமா எண் போடலாம்னா மொத்தம் பத்தின் அடுக்கு 500, நீங்க ஆறாம் ஆண்டு பிள்ளைங்களுக்கே போர்டுல போட்டுக் காட்டிடலாம். 2000ல ரஃபேல் பூசோவும் ஜோசப் போல்ச்சின்ஸ்கியும் இந்த மாதிரி வாதத்தை வச்சாங்க, 2003ல சுஜய் அசோக்கும் மைக்கேல் டக்ளஸும் இன்னும் ஒழுங்கா எண்ண ஒரு ஃபார்முலா கொண்டு வந்தாங்க, 2015ல வாஷிங்டன் டெய்லரும் யி-நான் வாங்கும் எஃப்-தியரியில (ஸ்ட்ரிங் தியரியோட ஒரு வடிவம்) ஒரே ஒரு வடிவத்துல இருந்தே பத்தின் அடுக்கு 272,000 அளவுக்கு வரும்னு கணக்குப் போட்டாங்க. எனக்கு இந்த எண்ணுங்க மேல பெரிய பிடிப்பு இல்லை. பெருசா இருக்குங்கிறது மட்டும்தான் அதுல தெரியுது, உள்ள என்ன இருக்குன்னு தெரியலை.

உங்க மகன் செய்யறது வேற வேலை. அவர் எண்ணலை, வகைப்படுத்துறார். எந்த விதி எதைத் தடுக்குது, எது முடிவில்லாம போகுது, பார்க்க வேற மாதிரி இருந்தாலும் எது ரெண்டும் ஒண்ணேதான், இதுதான் அவரோட கேள்வி.

பல்லாங்குழி ஆடியிருப்பீங்க, இல்லைன்னா பக்கத்து மலாய்க்கார வீட்டுல சோங்காக்காவது பார்த்திருப்பீங்க. குழிங்கதான் சுழற்சி, கொட்டைங்கதான் ஃப்ளக்ஸ். அரைக்கொட்டை போட முடியாது, கையில உள்ள மொத்தக் கொட்டைக்கும் ஒரு அளவு உண்டு, அதனால பரப்பி வைக்கிற விதங்களும் ஒரு கணக்குக்குள்ள அடங்கிடும். தியரியிலயும் அந்த மொத்தத்துக்கு ஒரு விதி இருக்கு, டாட்போல் கண்டிஷன்னு பேரு. மூடின வெளிக்குள்ள புலக்கோடுகள் வெளிய ஓட இடம் இல்லை, அதனால ஃப்ளக்ஸ் உண்டாக்குற சார்ஜும் பிரேன் (சவ்வு மாதிரி பொருள்), ஓரியண்டிஃபோல்ட் பிளேன் (கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கிற தளம்) கொண்டு வர்ற சார்ஜும் கூட்டினா சைபர் ஆகணும். ஆனா ஐயா, பல்லாங்குழியில இல்லாத ஒண்ணு இங்க இருக்கு, மைனஸ் கொட்டை. ஆறு குழியில மைனஸ் ஒண்ணு, ஏழாவதுல பிளஸ் ஆறு வைங்க, கூட்டினா சைபர். எல்லாத்தையும் ஆயிரத்தால பெருக்குங்க, அப்பவும் சைபர்தான். அப்ப மொத்தத்தைக் கட்டிப்போட்டா மட்டும் பட்டியல் முடிஞ்சிடும்னு சொல்ல முடியாது, முடியுதா முடியலையாங்கிறதையே தனியா நிரூபிக்கணும். 2021ல பெஞ்சமின் பேக்கர், தாமஸ் கிரிம், கிறிஸ்டியன் ஷ்னெல், ஜேக்கப் சிமர்மன் நாலு பேரும் அப்படி ஒரு தேற்றத்தை நிரூபிச்சாங்க, செல்ஃப்-டூயல்னு சொல்ற வகை ஃப்ளக்ஸுக்கு டாட்போல் வரம்பு வச்சா முடிவுள்ள பட்டியல்தான் வரும்னு. அதுக்கு அவங்க கையில எடுத்தது இயற்பியல் இல்லை, லாஜிக்ல இருந்து வந்த ஓ-மினிமாலிட்டிங்கிற கணிதம். இந்தத் துறையில சமீபத்துல வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பத்தின் அடுக்கு எவ்வளவுன்னு சொல்றதை விட, முடிவு உண்டுன்னு நிரூபிக்கிறது எவ்வளவோ பெரிய வேலை.

பட்டியல் கையில இருந்தாலும் வேலை தீராது. 2000ல மாக்ஸிமிலியன் க்ரோய்சரும் ஹரால்ட் ஸ்கார்க்கேயும் கம்ப்யூட்டர் வச்சு நாலு பரிமாண ரிஃப்ளெக்ஸிவ் பாலிடோப் (பலகோணத்தோட நாலு பரிமாண அண்ணன்ல ஒரு வகை) எல்லாத்தையும் பட்டியல் போட்டாங்க, 473,800,776. உத்தேசம் இல்லை, ஒண்ணு விடாம. ஒவ்வொண்ணுல இருந்தும் கலாபி-யாவ் கட்டலாம், ஆனா ரெண்டு வேற பாலிடோப்ல இருந்து ஒரே கலாபி-யாவ் வரலாம். ஃப்ளக்ஸுலயும் அதே கதைதான், டூயாலிட்டி, அதாவது ஒரே இயற்பியலை வேற மாதிரி எழுதுற மாற்றம், போட்டு எண்ணுங்களை மாத்தினா பார்க்க வேற ஆளு, இயற்பியல் ஒண்ணுதான். அதையெல்லாம் கழிக்காம எண்ணினா ஒரே ஆளை திரும்பத் திரும்ப எண்ணின மாதிரி ஆகிடும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன், ஏன் மூணு. பத்துல மூணு போக ஏழு. அந்த ஏழு பரிமாண உள்வெளிக்கு ஜி2 மேனிஃபோல்டுன்னு ஒரு வகை இருக்கு, மூடின வடிவத்துல அதை முதல்ல கட்டிக் காட்டினது டொமினிக் ஜாய்ஸ், 1996ல. ஏழு பரிமாண டோரஸை (வடை மாதிரி வளைஞ்சு மூடின வெளி) எடுத்து பிரதிபலிப்பால மடிச்சு, கூர்மையான இடங்களை வழவழன்னு ஆக்கி. இயற்பியல்காரங்க பல நேரம் வழவழப்பு ஆக்காத மடிப்பையே எடுத்துக்கறாங்க, அதுல முக்கியமா பார்க்க வேண்டியது ஏழே ஏழு ஆரம்தான். நூத்துக்கணக்கான சுழற்சி வேண்டாம், மாஸ்டர்ஸ் மாணவர் ஒருத்தர் உட்கார்ந்து பேப்பர்லயே போட முடியும், விதிங்க எல்லாத்தையும் ஒண்ணா வச்சு கடைசி வரைக்கும் பார்க்க முடியும், உத்தேசமே தேவையில்லை. இன்னொரு காரணமும் இருக்கு. மூணு பரிமாணத்துல ஈர்ப்பலைக்கு இடமே இல்லை, ஈர்ப்பு ரொம்ப எளிமை. அந்த உலகம் ஆன்டி டி சிட்டர் வகையா, அதாவது வெற்றிட ஆற்றல் மைனஸா, இருந்தா அதோட விளிம்பு ரெண்டு பரிமாணம், அங்க அதுக்கு ஜோடியா ஒரு கன்ஃபார்மல் ஃபீல்ட் தியரி (அளவை மாத்தினாலும் விதி மாறாத தியரி) இருக்கணும், அதுக்கு முடிவில்லாத சிமெட்ரி உண்டு, அந்த சிமெட்ரியை 1986லயே பிரவுனும் ஹென்னோவும் காட்டிட்டாங்க. அதனால இங்க ஒரு வேக்குவம் இருக்குன்னு யாராவது சொன்னா, சரி அப்ப விளிம்புல அதுக்கு ஜோடியான தியரி எங்கன்னு திருப்பிக் கேக்கலாம். நாலு பரிமாணத்துல அந்தக் கேள்வியை இவ்வளவு கறாரா கேக்க முடியாது.

சண்டை நடக்குறதும் இங்கதான். 2020ல ஃபோடிஸ் ஃபராகோஸ், ஜார்ஜ் ட்ரிங்காஸ், தாமஸ் வான் ரீட் மூணு பேரும் டைப் டூ ஏ தியரியை (சூப்பர்ஸ்ட்ரிங் தியரியில ஒரு வகை) ஜி2 ஓரியண்டிஃபோல்டுல சுருட்டி மூணு பரிமாண வேக்குவம் கண்டுபிடிச்சாங்க. அதுல நான் சொன்ன மைனஸ் கொட்டை வேலை நடக்குது, ஃபோர்-ஃபார்ம் ஃப்ளக்ஸுல ஒரு பகுதியை டாட்போல் தொடவே இல்லை, அதை ஏத்திக்கிட்டே போகலாம், முடிவில்லாத குடும்பம். ஏத்த ஏத்த உள்வெளி வெளி உலகத்தை விட ரொம்பச் சின்னதாகுது, அதாவது மூணு பரிமாண உலகம் நிஜமாவே மூணு பரிமாணமா தெரியுது. 2005ல நாலு பரிமாணத்துலயும் இதே மாதிரி குடும்பம் வந்துச்சு, ஆனா 2019ல லூஸ்ட், பால்டி, வாஃபா வச்ச யூகத்தோட கடுமையான வடிவம், சூப்பர்சிமெட்ரி (ரெண்டு வகைத் துகள்களை ஜோடி சேர்க்கிற சிமெட்ரி) உள்ள ஆன்டி டி சிட்டர்ல இப்படி அளவு பிரியவே முடியாதுன்னு சொல்லுது. யாரு சரி? சந்தேகம் வர்ற இடம் ஓரியண்டிஃபோல்ட் பிளேன்தான். அது குறிப்பிட்ட இடத்துல இருக்கிற பொருள், ஆனா கணக்கு போடறப்ப அதோட சார்ஜை உள்வெளி முழுக்க தடவி விட்டு போடறாங்க. தடவாம போட்டாலும் அதே வேக்குவம் நிக்குமா? என் அபிப்பிராயத்துல இன்னிக்கு இந்தத் துறையில பதில் தேடி உழைக்கத் தகுந்த கேள்வி இதுதான், பத்தின் அடுக்கு இல்லை.

சொந்தக்காரங்க கிட்ட இது நம்ம பிரபஞ்சம்னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க ஐயா. நம்மளோட வெற்றிட ஆற்றல் பிளஸ், 1998ல சூப்பர்நோவா பார்த்து தெரிஞ்சுக்கிட்டது, நான் மேல சொன்ன ரெண்டு குடும்பத்துலயும் அது மைனஸ். தியரி எதை அனுமதிக்குது எதை அனுமதிக்கலைன்னு சந்தேகம் இல்லாம தெரிஞ்சுக்க ஒரு இடம் வேணும், அந்த இடத்துல உட்கார்ந்து உங்க மகன் வேலை செய்யறார்னு சொல்லுங்க, அதுல கொஞ்சம்கூட மிகை இல்லை.

அவர் கிட்ட ஒண்ணு கேட்டு எழுதுங்க. அவர் எடுத்திருக்கிற ஓரியண்டிஃபோல்ட் பிளேன்ல ஓ-6 வகை மட்டுமா, ஓ-2 வகையும் சேர்த்தா? ஓ-2 இருந்தா அதோட சார்ஜுக்கும் டாட்போல் கணக்கு காட்டணும், முடிவில்லாத குடும்பம் அதுக்கு அப்புறமும் மிஞ்சுதான்னு அவர் போட்ட கணக்கைப் பார்க்க எனக்கு ஆசை.