நெருப்புக் கோயிலும் மெஹ்ரகான் தேதியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய பாரசீக மதமான ஜரதுஷ்டிர மதத்தார் நெருப்பையா வணங்குகிறார்கள்? அவர்கள் கோயில் நெருப்பு எங்கிருந்து வருகிறது?

பதில்: வணங்கப்படுபவர் முழுமுதற் கடவுளான அஹுர மஸ்தா. நெருப்பு அவருக்குரிய தூய சாட்சி. தொழுகிறவர்கள் அதன் முன் நிற்கிறார்கள். சூரியன், விளக்கு என்று எந்த ஒளியின் முன்னும் நின்று பிரார்த்திக்கலாம். 'நெருப்பை வணங்குகிறவர்கள்' என்பது வெளியார் சூட்டிய பெயர். ஈரானில் அது வசையாகவே வழங்கியது. அதனால் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

கோயில் நெருப்பில் மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியான ஆதஷ் தாத்காஹுக்கு வீட்டு அடுப்பு நெருப்பே போதும். ஆதஷ் ஆதரானுக்கு மோபெத் எனப்படும் மதகுரு, போர்வீரர், உழவர், கைவினைஞர் ஆகிய நான்கு பிரிவினரின் வீட்டு நெருப்பு வேண்டும். உச்சியில் இருப்பது ஆதஷ் பெஹ்ராம். அதற்கு 16 வகை நெருப்பைச் சேர்க்க வேண்டும். குயவர் சூளை, செங்கல் சூளை, பொற்கொல்லர் உலை, நாணயச் சாலை, கருமான் உலை, ரொட்டி அடுப்பு, இடையர் மூட்டிய தீ, மின்னல் விழுந்து பற்றிய தீ, பிணம் எரித்த தீ எல்லாம் அதில் அடக்கம்.

பிணத் தீயைச் சேர்ப்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். இறந்த உடல் இந்த மதத்தில் மிகப் பெரிய தீட்டு. உடலை எரித்த நெருப்பு அந்தத் தீட்டில் சிக்கிக்கொண்ட நெருப்பு. அதை மீட்பது பெரும் புண்ணியம் என்கிறது வெந்திதாத் என்ற மறைநூலின் 8ஆம் அதிகாரம். மீட்கும் முறை இது: நீண்ட காம்புள்ள, துளையிட்ட கரண்டியில் சந்தனச் சிராய்களையும் தூளையும் வைத்து, எரியும் தீக்கு மேலே ஓரடிக்குக் குறையாத உயரத்தில் பிடிக்க வேண்டும். சுடர் கரண்டியைத் தொடக்கூடாது. மேலெழும் வெப்பத்திலேயே சந்தனம் பற்ற வேண்டும். சுடர் பட்டுவிட்டால் பழைய தீ தீட்டோடு தாவிவிடும். செய்த வேலைக்குப் பொருளில்லை. சரியாகப் பற்றினால் அது புதிய நெருப்பு. அதன்மேல் அடுத்த கரண்டி. பிணத் தீக்கு இப்படி 91 முறை, உரிய மந்திரங்களோடு. பதினாறு என்ற பட்டியலும் இந்த எண்ணிக்கையும் இந்தியப் பார்சி மோபெத்கள் காத்துவந்த வழக்கு. அதன் வேர் வெந்திதாத்தில் இருக்கிறது.

பராமரிப்பிலும் கண்டிப்பு உண்டு. நாளின் ஐந்து பொழுதுகளிலும் விறகு இடும் சடங்கு நடக்கும். மூச்சும் எச்சிலும் படாதிருக்க மோபெத் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார். வாயால் ஊதக்கூடாது. நன்கு காய்ந்த விறகுதான் இட வேண்டும். ஈரத்தையும் நெருப்பையும் சேர்ப்பது இரண்டுக்குமே இழைக்கும் கேடு.

ஈரானில் இன்று இருக்கும் ஒரே ஆதஷ் பெஹ்ராம் யஸ்த் நகரில் உள்ளது. கட்டடம் 1934இல் எழுந்தது. நெருப்பு ஏறத்தாழ கி.பி. 470 முதல் அணையாமல் வருவதாக மரபு. அர்தகான் உட்படப் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1473இல் அது யஸ்துக்கு வந்தது. நெருப்பை இடம் மாற்றலாம், அணையவிடக்கூடாது என்பதே விதி. அந்த விதிதான் அரசுகள் மாறியபோதும் இந்த மதத்தைக் காத்தது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கைரஸ், டாரியஸ் போன்ற பழைய பாரசீக மன்னர்கள் இந்த மதத்தைச் சேர்ந்தவர்களா?

பதில்: ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் தவறாகிவிடும். முதலாம் டாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு அஹுர மஸ்தாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மதத்தைத் தோற்றுவித்த ஜரதுஷ்டிரரின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. பெர்செபோலிஸ் களிமண் பலகைகளோ, ஈலமியக் கடவுளான ஹும்பனுக்கும் அரசுக் களஞ்சியத்திலிருந்து படையல் போனதைக் காட்டுகின்றன. கைரஸின் பாபிலோன் உருளையில் போற்றப்படுபவர் பாபிலோனியக் கடவுளான மர்துக். அஹுர மஸ்தா வழிபாடு டாரியஸ் காலம் முதல் உறுதி. மதகுருமார் அமைப்பும் அரசும் கைகோத்த மதமாக அதைத் தெளிவாகக் காண்பது பிற்காலப் பாரசீக அரச மரபான சசானியர் காலத்தில்தான் (கி.பி. 224–651). அவர்களுடைய நாணயங்களின் பின்புறத்தில் நெருப்புப் பீடம் இருக்கும். மூன்று பெரும் நெருப்புகளில் ஒன்றான ஆதுர் குஷ்னஸ்ப் எரிந்த இடம் தக்த்-இ-சுலைமான். அந்த நெருப்பு இல்லத்தின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகள் அங்கேயே அகழாய்வில் கிடைத்ததால் இதில் ஐயமில்லை.

கேள்வி: பாரசீகர் எல்லாரும் உடலைக் கழுகுகளுக்கே விட்டார்களா?

பதில்: இல்லை. மாகி எனப்பட்ட குருமார் உடலைப் பறவைக்கோ நாய்க்கோ விட்டதாகவும், மற்றப் பாரசீகர் மெழுகு பூசிப் புதைத்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். டாரியஸின் கல்லறை நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறையில் குடைந்தது. நோக்கம் ஒன்றுதான்: மண், நீர், நெருப்பு மூன்றிலும் பிணம் படக்கூடாது. பிற்காலத்தில் உடலைப் பறவைகளுக்கு வைத்த தக்மா என்ற வட்டக் கோபுரத்தில் வெளி வளையம் ஆண்களுக்கு, நடு வளையம் பெண்களுக்கு, உள் வளையம் குழந்தைகளுக்கு. காய்ந்த எலும்புகள் நடுக்குழியில் சேரும். நகரங்கள் தக்மாக்களை நெருங்கியதால் 20ஆம் நூற்றாண்டில் ஈரானில் இவ்வழக்கம் நின்றது. இப்போது அடக்கம் செய்கிறார்கள். உடல் மண்ணைத் தொடாதபடி குழியைச் சிமென்டால் பூசுகிறார்கள்.

கேள்வி: ஜரதுஷ்டிர மதத்தாரின் மெஹ்ரகான் விழாவுக்கு ஒரு நாட்காட்டியில் அக்டோபர் 2, இன்னொன்றில் அக்டோபர் 8. எது சரி?

பதில்: மதத்தாரின் கணக்குப்படி அக்டோபர் 2. அவர்கள் நாட்காட்டியில் 12 மாதங்களுக்கும் 30 நாள்தான். ஆண்டு முடிவில் 5 நாள் தனியே சேரும். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பெயர் உண்டு. நாளின் பெயரும் மாதத்தின் பெயரும் ஒன்றானால் அன்று விழா. மெஹ்ர் மாதத்தின் 16ஆம் நாளின் பெயரும் மெஹ்ர், அதுவே மெஹ்ரகான்.

சிக்கல் 1925இல் வந்தது. ஈரான் அரசு தன் நாட்காட்டிக்கு இதே மாதப் பெயர்களை எடுத்துக்கொண்டு, முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள் வைத்தது. மெஹ்ர் ஏழாவது மாதம். அதற்குள் ஆறு நாள் கூடிவிடுவதால் பழைய 16ஆம் நாள் அரசுக் கணக்கில் மெஹ்ர் 10 ஆகிறது, அதாவது அக்டோபர் 2. பெயரை மட்டும் பார்த்து அரசு நாட்காட்டியின் மெஹ்ர் 16ஐ எடுத்தால் அக்டோபர் 8 வரும். தீர்கான் விழாவுக்கும் இதே குழப்பம் உண்டு. தீர் நான்காவது மாதம் என்பதால் அங்கே வித்தியாசம் மூன்று நாள்.

கேள்வி: இவர்கள் இடுப்பில் கட்டும் குஸ்தி என்ற புனிதக் கயிற்றில் எத்தனை இழை?

பதில்: ஆட்டுக்குட்டி ரோமத்தில் நூற்ற 72 இழை, யஸ்னா என்ற வழிபாட்டு நூலின் 72 அதிகாரங்களைக் குறிக்கும். சுத்ரே என்ற வெள்ளை உள்சட்டையின்மேல் மூன்று சுற்று சுற்றி, முன்னும் பின்னும் முடிச்சிடுவார்கள்.

கேள்வி: முஸ்லிம் அல்லாதார் என்பதால் ஈரானில் இவர்கள் மீது விதித்த ஜிஸ்யா வரி எப்போது நீங்கியது?

பதில்: 1882இல், நாசர் அல்தீன் ஷா ஆணையால். அதன் பின்னே நீண்ட உழைப்பு இருக்கிறது. இந்தியப் பார்சிகளின் பிரதிநிதியாக 1854இல் ஈரான் சென்ற மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா பள்ளிகளைத் தொடங்கினார், சிதைந்த கோயில்களைப் பழுதுபார்த்தார், வரியை நீக்கும்படி அரசவையில் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். 1906 அரசியல் புரட்சிக்குப் பின் ஜரதுஷ்டிர மதத்தாருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கிடைத்தது. 1979 அரசியல் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவர்களை அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மையாகச் சொல்கிறது. 64ஆம் பிரிவு அந்த ஓர் இடத்தை உறுதி செய்கிறது.